போர் நடக்கும்போதே உண்மையைப் போட்டு உடைத்தவர்கள்: தருமபுரி வாசகர் வட்ட நிகழ்ச்சிக்கு யோசனை தேவை

தகடூர் வாசகன்:

எல்லாருக்கும் வணக்கம். நூலக வாசகர் வட்டத்துல அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை மாலை நிகழ்ச்சி. போர் நடந்துக்கிட்டு இருக்கும்போதே தன் சொந்தப் படையோட, தன் சொந்த அரசோட தப்பை வெளியே சொன்னவங்களைப் பற்றி. ஹால்ல ஒரு பக்கச் சுவர் முழுக்கப் படப் பலகைகள், 40 நிமிஷம் பேச்சு, 30 நிமிஷம் கேள்வி நேரம். 60 பேர் வருவாங்க. பாதிப் பேர் பிளஸ் டூ, காலேஜ் பசங்க. மீதி ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், முன்னாள் ராணுவத்தினர் ஏழெட்டுப் பேர்.

இப்போதைக்கு 12 பலகை: மை லாய் (வியட்நாம் போர்ல அமெரிக்கச் சிப்பாய்கள் ஊர் மக்களைச் சுட்டுக் கொன்ன கிராமம்), லெப்டினன்ட் காலி, பென்டகன் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறை) ஆவணங்கள், ஈராக்கோட அபு கிரைப் சிறை, மானிங், ஸ்னோடன், அசாஞ்ச், கேத்தரின் கன், பான்டிங், முதல் உலகப் போர்க் கவிஞர் சசூன், நம்ம நாட்டுச் சட்டம், கடைசியா சினிமா பாட்டுன்னு ஒண்ணு.

சந்தேகம் மூணு. 'விசில்புளோயர்'க்குத் தமிழ்ல என்ன போடறது? சினிமா பாட்டுப் பலகை வெச்சா கனமான விஷயம் விளையாட்டா ஆயிடுமா? முன்னாள் ராணுவத்தினரை முன்வரிசையில உட்கார வெச்சுக்கிட்டு இதைப் பேசறது எப்படி? சகிப்புத்தன்மையைப் பற்றிப் பேசப் போய் ஹால்லயே கைகலப்பு ஆனா ஊர் சிரிக்கும்.

ஊத்தங்கரை ஏட்டுக்காரர்:

முதலில் சொல். 'காட்டிக் கொடுத்தவர்' என்று எங்கேயும் வந்துவிடக் கூடாது. அந்தச் சொல் விழுந்த இடத்தில் எட்டப்பன் வந்து நின்றுகொள்வார், பிறகு அவரை நகர்த்த முடியாது. 'போட்டுக் கொடுத்தவர்' என்றால் மேனேஜரிடம் கோள் சொல்கிற ஆள். 'விசில் ஊதியவர்' என்று நேராகப் பெயர்த்தால் பஸ் கண்டக்டர், இல்லையென்றால் முதல் நாள் முதல் காட்சி. 'அம்பலப்படுத்தியவர்' பத்திரிகைத் தமிழ்தான், ஆனால் எல்லாருக்கும் புரியும். தலைப்புக்கு உங்கள் 'போட்டு உடைத்தவர்' நன்றாகவே இருக்கிறது, அதையே வையுங்கள்.

12 பலகை அதிகம். ஏழு போதும். ஸ்னோடன், அசாஞ்ச் இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஸ்னோடன் சொன்னது உளவுக் கண்காணிப்பு பற்றி. அசாஞ்ச் விக்கிலீக்ஸ் தளத்தில் வெளியிட்டவர், படைக்குள் இருந்தவர் இல்லை. இரண்டு பேரையும் வைத்தால் கேள்வி நேரம் முழுக்க அவர்களே ஓடுவார்கள்.

மிச்சமாகும் இடத்தில் மை லாய்க்கு இரண்டு பலகை கொடுங்கள். அந்த ஒரே சம்பவத்தில் மூன்று வகை ஆள் இருக்கிறார்கள், மூன்றும் வேறு வேறு வேலை.

முதலாமவர் ஹியூ தாம்சன். 1968 மார்ச் 16, வயது 24, சிறிய வேவு ஹெலிகாப்டரின் ஓட்டுநர். கூட இருவர்: லாரன்ஸ் கோல்பர்ன், கிளென் ஆண்ட்ரியோட்டா. ஊர் மக்கள் பதுங்கியிருந்த குழிக்கும் அவர்களை நோக்கி வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் நடுவில் ஹெலிகாப்டரை இறக்கினார். 'இவர்கள் அந்த மக்கள் மேல் சுட்டால் நீங்கள் இவர்களைச் சுடுங்கள்' என்று தன் ஆட்கள் இருவரிடமும் சொல்லிவிட்டு, மக்களை வெளியே கூப்பிடப் போனார். துணைக்கு வந்த பெரிய ஹெலிகாப்டர்களை இறங்கச் சொல்லி அவர்களை ஏற்றி அனுப்பினார். பிறகு, பிணங்கள் கிடந்த வாய்க்காலில் ஆண்ட்ரியோட்டா இறங்கி, உயிரோடிருந்த ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார். தாம்சன் அன்றைக்கே மேலதிகாரிகளிடம் நடந்ததைச் சொன்னார், சுடுவதை நிறுத்தச் சொல்லி உத்தரவும் போனது. பத்திரிகைப் பக்கம் அவர் போகவே இல்லை. உங்கள் முன்வரிசைக்கு நான் முதலில் காட்டுவது இவரைத்தான்.

இரண்டாமவர் ரொனால்டு ஹேபர்லி, ராணுவப் புகைப்படக்காரர். ராணுவக் கேமராவில் கறுப்பு வெள்ளை எடுத்தார், சொந்தக் கேமராவில் கலர். ராணுவத்திடம் போனது கறுப்பு வெள்ளை மட்டும். கலர்ப் படங்கள் 1969 நவம்பர் 20 அன்று அவருடைய சொந்த ஊரான கிளீவ்லாந்தின் நாளிதழில் வந்தன. அதற்கு முந்தைய வாரம்தான் மை லாயை அம்பலப்படுத்திய பத்திரிகையாளர் சீமோர் ஹெர்ஷின் செய்தி வந்திருந்தது.

மூன்றாமவர் ரான் ரைடனவர். அவர் அந்த ஊரில் இல்லவே இல்லை, கூட வேலை பார்த்தவர்கள் சொல்லக் கேட்டவர். கேட்டதும் ஓடிப்போய் எழுதவில்லை. வேறு வேறு ஆட்களிடம் தனித்தனியாகக் கேட்டு, யார் எதைப் பார்த்தார்கள் என்று பெயரோடு சேர்த்துக்கொண்டு, ஊர் திரும்பிய பிறகு 1969 மார்ச் 29 தேதியிட்டு ஒரு கடிதம் எழுதி, பென்டகனும் காங்கிரஸ் உறுப்பினர்களுமாகச் சுமார் 30 பேருக்கு அனுப்பினார். கேட்டதைக் கேட்டது என்றுதான் எழுதினார், பார்த்ததாக எழுதவில்லை. அங்கே நடந்தது இன்னதென்று எனக்கு உறுதியாகத் தெரியாது, ஆனால் மிகக் கொடிய ஒன்று நடந்திருக்கிறது என்று நம்புகிறேன் என்பது அதன் சாரம். மாணவர்களுக்கு அந்தக் கடிதத்தின் அமைப்பைக் காட்டுங்கள். புகார் மனு எழுதுவதற்கு அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

பலகையில் பெரிய எழுத்தில் போட ஒரு வரி: அன்றைய ராணுவக் கணக்கு, கொல்லப்பட்ட எதிரிகள் 128, கைப்பற்றிய ஆயுதம் 3. அதற்குமேல் எதுவும் எழுத வேண்டாம். முன்னாள் ராணுவத்தினருக்கு அந்த இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலே புரிந்துவிடும். இறந்தவர் எண்ணிக்கையில் வியட்நாம் சொல்வது 504, அமெரிக்க ராணுவ விசாரணை சொல்வது 347. இரண்டையும் போட்டு, எது யார் கணக்கு என்று எழுதுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் யாராவது போனில் தேடி அடுத்ததைக் காட்டுவார், அதோடு மீதிப் பலகைகளையும் நம்ப மாட்டார்.

காவேரிப்பட்டணம் கேசட் கடை:

சினிமா பாட்டுப் பலகையை விடாதீங்க. விளையாட்டா ஆகாது. ஒழுங்கா பண்ணா மத்த பலகையைவிட அதுதான் அதிகம் உறுத்தும்.

ஆனா 'இந்த விஷயத்தை வெச்சு வந்த படங்கள்'னு போஸ்டர் வரிசை ஒட்டாதீங்க, அது ஓடிடி பரிந்துரை. மக்கள் அந்தந்த நேரத்துல என்ன பண்ணாங்கன்னு காட்டுங்க.

மை லாய் வழக்குல 26 பேர் மேல குற்றச்சாட்டு, தண்டனை வந்தது லெப்டினன்ட் வில்லியம் கேல்லி ஒருத்தருக்குத்தான். 22 பேரைக் கொன்னதுக்கு 1971 மார்ச் கடைசியில ஆயுள் தண்டனை. ரெண்டு மூணு நாள்லயே அதிபர் நிக்சன் உத்தரவு போட்டு அவரைச் சிறையிலிருந்து வீட்டுக்காவலுக்கு மாத்தினார். அவரைப் புகழ்ந்து ஒரு பாட்டு வந்துச்சு. பத்து லட்சம் இசைத்தட்டுக்கு மேல வித்து, அமெரிக்கத் தரவரிசையில 37-ம் இடம். ஜார்ஜியா ஆளுநர், அமெரிக்கப் போர்வீரர் நாள்னு அறிவிச்சு, ஒரு வாரம் பகல்லயும் ஹெட்லைட் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டுங்கன்னு மக்களைக் கேட்டுக்கிட்டார். யார் தெரியுமா? ஜிம்மி கார்ட்டர். 2002-ல அமைதிக்கான நோபல் வாங்கினவர்தான். அவரைக் கிண்டல் பண்றதுக்காக இல்லை, அந்தக் காத்து எவ்வளவு பலமா அடிச்சுதுன்னு தெரியணும்ல.

அதே நேரம் தாம்சனுக்கு என்ன கிடைச்சுது? கொலை மிரட்டல். விசாரணையில காங்கிரஸ் உறுப்பினர் மெண்டல் ரிவர்ஸ், இந்தச் சம்பவத்துல தண்டிக்க வேண்டிய ஒரே ஆள் தாம்சன்தான்னு சொன்னார். பதக்கம் வந்தது 1998 மார்ச் 6, முப்பது வருஷம் கழிச்சு. அதுவும் எதிரியோட மோதாத வீரச்செயலுக்குன்னு இருக்கிற 'சோல்ஜர்ஸ் மெடல்'. அன்னைக்கு எதிர்ல துப்பாக்கி பிடிச்சு நின்னது அவங்க ஆளுங்களேதான், வேற எந்தப் பதக்கம் கொடுப்பாங்க! ஆண்ட்ரியோட்டா அதை வாங்க இல்லை. மை லாய் நடந்து மூணே வாரத்துல போர்ல செத்துட்டார்.

இது அமெரிக்காக்காரன் புத்தின்னு யாராவது சொன்னா, பக்கத்துலயே ஜாலியன்வாலா பாக்கை வைங்க. 1920-ல ஜெனரல் டயருக்காக லண்டன் பத்திரிகை ஒண்ணு நிதி திரட்டுச்சு, 26,000 பவுண்டு சேர்ந்தது. அம்பலப்படுத்தின பக்கத்துல பார்த்தா, பம்பாய் பத்திரிகை ஆசிரியர் ஹார்னிமன் ஆங்கிலேயர். 1919 ஏப்ரல்லயே அவரைக் கப்பலேத்தி நாடு கடத்தினாங்க. நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட் நீதிபதியா இருந்த சங்கரன் நாயர், வைஸ்ராய் நிர்வாகக் குழுவிலிருந்து ராஜினாமா பண்ணார். அப்புறம் எழுதின புத்தகத்துக்காக முன்னாள் பஞ்சாப் ஆளுநர் ஓ'டயர் லண்டன்ல அவதூறு வழக்கு போட்டு, 1924-ல 500 பவுண்டு இழப்பீடு வாங்கினார். ஜூரியில 11 பேர் ஓ'டயர் பக்கம், ஒருத்தர் மட்டும் நாயர் பக்கம். அந்த ஒருத்தர் ஹெரால்ட் லாஸ்கி.

இன்னும் ரெண்டு விசித்திரம், சின்ன எழுத்துல போதும். 2010-ல பாக்தாத் பக்கத்துல, அமெரிக்க ராணுவ உளவுப் பிரிவுல இருந்த மானிங், விக்கிலீக்ஸுக்குக் கொடுத்த ரகசியக் கோப்புகளை நகல் எடுத்த சிடி மேல எழுதியிருந்தது 'லேடி காகா'. அந்தப் பாட்டுக்கு வாயசைச்சுக்கிட்டே நகல் எடுத்ததா இணைய அரட்டையில அவரே சொல்லியிருக்கார். 2003-ல பிரிட்டிஷ் உளவு அலுவலக மொழிபெயர்ப்பாளர் கேத்தரின் கன் வெளியே விட்டது அமெரிக்க உளவு நிறுவனத்தோட மின்னஞ்சல். லண்டன் ஞாயிறு பத்திரிகை அதை அச்சுக்கு அடிக்கும்போது, ஆபீஸ்ல ஒருத்தர் பழக்கதோஷத்துல அமெரிக்க எழுத்துக்கூட்டலைப் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலா திருத்திட்டார். அவ்வளவுதான். அமெரிக்காக்காரன் இப்படி எழுதவே மாட்டான், இது போலின்னு கிளம்பிட்டாங்க. அமெரிக்க டிவிக்காரங்க எடுக்கிறதா இருந்த பேட்டிகளும் ரத்து. ஆவணத்தை வெளியிடறவன் ஒரு புள்ளிகூட மாத்தக் கூடாதுங்கிறதுக்கு இதைவிட என்ன வேணும்?

ஓசூர் செகண்ட் ஷிப்ட்:

எல்லாம் சரி. ஆனால் தாம்சனையும் மானிங்கையும் ஒரே சுவரில் ஒரே அளவு பலகையில் மாட்டுவது எனக்கு ஒப்பவில்லை. தாம்சன் பார்த்ததைத் தன் மேலதிகாரியிடம் சொன்னார். மானிங் அனுப்பியது லட்சக்கணக்கான ஆவணங்கள், அத்தனையையும் படித்துப் பார்த்து அனுப்பியிருக்க முடியாது. பெயர் வெளியே தெரிந்தால் ஆபத்து என்கிற உள்ளூர் ஆட்கள் அதில் இருந்தார்கள். சிப்பாயாக இருந்தவர்களிடம் இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். போனால் தப்பில்லை.

ராணுவத்தைப் பற்றி இன்னொன்று. நம் ராணுவச் சட்டம் 1950, பிரிவு 41-ல் கீழ்ப்படியாமைக்குத் தண்டனை இருக்கிறது. ஆனால் அங்கே இருக்கும் சொல் 'சட்டபூர்வமான' உத்தரவு. அந்த ஒரு சொல்லைப் பலகையில் அடிக்கோடிட்டுக் காட்டுங்கள். 'உத்தரவு போட்டால் செய்யத்தானே வேண்டும்' என்று சிவிலியன்தான் பேசுவான். பட்டாளத்தில் இருந்தவருக்கு அந்தச் சொல் தெரியும்.

ஊத்தங்கரை ஏட்டுக்காரர்:

ஓசூர் நண்பர் சொல்வதில் பாதி சரி. அதனால்தான் ஆள்வாரியாக அடுக்காமல், யாரிடம் முதலில் போனார்கள் என்று அடுக்கச் சொல்கிறேன். இடது கோடியில் தாம்சன்: அதே நாள், மேலதிகாரி. அடுத்து ரைடனவர்: ஒரு வருடம் கழித்து, பென்டகனும் காங்கிரசும். பத்திரிகைக்கு அனுப்ப யோசித்ததாகவும் காங்கிரஸ் விசாரணையே முறை என்று தோன்றியதாகவும் அந்தக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறார்.

அடுத்து ஜோ டார்பி, அபு கிரைப் சிறையில் பணியில் இருந்த அமெரிக்கச் சிப்பாய். 2004 ஜனவரியில், அங்கே கைதிகளைச் சிப்பாய்கள் கொடுமைப்படுத்திய படங்கள் இருந்த சிடியை ராணுவக் குற்றப் புலனாய்வுப் பிரிவிடம் கொடுத்தார். பெயர் வெளிவராது என்று சொல்லியிருந்தார்கள். மே 7 அன்று பாதுகாப்புச் செயலர் ரம்ஸ்ஃபெல்ட் செனட் விசாரணையில், டிவி நேரலையில், பெயரைச் சொல்லிப் பாராட்டிவிட்டார். டார்பி அப்போது ஈராக்கில் முகாம் மெஸ்ஸில், நூற்றுக்கணக்கான சிப்பாய்களுக்கு நடுவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எதிரே டிவி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவரால் சொந்த ஊரில் குடியிருக்க முடியவில்லை. பெயரை மறைப்பது என்பது சட்டப் புத்தகத்தில் ஒரு பத்தி இல்லை, சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் உயிர் என்று காட்ட இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எல்ஸ்பர்க், வியட்நாம் போர் பற்றிய பென்டகன் ஆவணங்களை நகல் எடுத்தவர். 7,000 பக்கம், 1969 அக்டோபரில் தொடங்கி ஒரு விளம்பர நிறுவன அலுவலகத்தின் ஜெராக்ஸ் மெஷினில் இரவு இரவாக, பக்கம் பக்கமாக. 'மிக ரகசியம்' என்ற முத்திரையைக் கத்தரியால் வெட்டியெடுக்க அவருடைய பிள்ளைகளும் உதவினார்கள். முதலில் செனட்டர்களிடம் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. பிறகுதான் பத்திரிகை: 1971 ஜூன் 13. தடை கேட்டு அரசு போனது, ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று பத்திரிகை பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவர் மேல் போட்ட வழக்கில் 115 ஆண்டு வரை தண்டனை வந்திருக்கலாம். அரசின் ஆட்கள் அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தைப் பூட்டுடைத்தது வெளியே வந்ததும், 1973 மே 11 அன்று வழக்கு தள்ளுபடி. வாட்ஸ்அப்பில் 'அவரை நீதிமன்றம் நிரபராதி என்றது' என்று சுற்றும். அது தப்பு. ஜூரி தீர்ப்பு வரை வழக்கு போகவே இல்லை.

ஜூரி விடுவித்தது பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறை அதிகாரி பான்டிங்கை. ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினாவின் பெல்கிரானோ கப்பல் 1982 மே 2 அன்று பிரிட்டனால் மூழ்கடிக்கப்பட்டு 323 பேர் இறந்தார்கள். அப்போது கப்பல் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்ற ஆவணத்தை எம்.பி. ஒருவருக்கு அனுப்பியவர் அவர். பொதுநலன் எது என்பதை அன்றைய அரசுதான் தீர்மானிக்கும் என்று நீதிபதி சொல்லியும், 1985 பிப்ரவரியில் ஜூரி விடுவித்தது. அரசு 1989-ல் ரகசியச் சட்டத்தையே மாற்றி, பொதுநலன் என்று வாதாடும் வழியை அடைத்தது. அந்தப் புதுச் சட்டத்தில்தான் கேத்தரின் கன் மாட்டினார். 2004 பிப்ரவரி 25 அன்று அரசுத் தரப்பே சாட்சியம் எதுவும் வைக்காமல் கைவிட்டது. இரண்டையும் ஒரே பலகையில் வைக்கலாம்.

மானிங் வலது கோடியில். 35 ஆண்டு தண்டனை, 2017-ல் ஒபாமா குறைத்தார், அந்த மே மாதம் வெளியே வந்தார். 2007 ஜூலை 12 பாக்தாத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர் தாக்குதலில் ராய்ட்டர்ஸ் ஊழியர் இருவர் இறந்த காணொளி அவர் வழியாகத்தான் வெளியே வந்தது. ஓசூர் நண்பரின் ஆட்சேபத்தை அதே பலகையில் ஒரு வரியாகப் போடுங்கள்: 'மொத்தமாகக் கொடுத்தது சரியா?' பெயர் செல்சியா மானிங் என்று மட்டும் இருக்கட்டும், பழைய பெயரைத் தேடி எடுத்துப் போட வேண்டாம். திருநங்கை என்பது ஒரு தகவலாக ஒரே ஒரு இடத்தில் வந்தால் போதும். அதை வைத்து ஹாலில் யாராவது சிரித்தால், நடத்துபவர் அங்கேயே நிறுத்த வேண்டும்.

ஓசூர் செகண்ட் ஷிப்ட்:

கோடி என்றால் சரி. நடுவில் வைக்காதீர்கள்.

பென்னாகரம் கூத்து ரசிகர்:

அமெரிக்கா, லண்டன்னே போயிட்டு இருக்கீங்க. நம்ம பக்கத்துல திரௌபதி அம்மன் திருவிழா நடக்காத ஊர் உண்டா? துகிலுரிதல்ல சபையில எழுந்து 'இது அநியாயம்'னு சொல்ற விகர்ணன் யாரு, துரியோதனன் தம்பி. சொல்லிட்டு, கடைசியில அண்ணன் பக்கமே நின்னு பீமன் கையால சாகறான். விபீஷணன் சொன்னான், கேக்கலைன்னதும் அந்தப் பக்கம் போயிட்டான். ஊரு யாரைத் துரோகிங்குது, யாரை நல்லவன்ங்குது? ரெண்டு பேருக்குமே முழு மார்க் போடாது. பேச்சை இங்கிருந்து ஆரம்பிச்சா தாம்சன், மானிங் தகராறு கூடத் தானா விளங்கும்.

தகடூர்க்காரங்கன்னா அதியமான், ஔவை தூதை இழுப்பீங்க. இழுக்காதீங்க. தொண்டைமானோட ஆயுதச் சாலையில மயிற்பீலி சூடி எண்ணெய் பூசி இருக்கு, எங்காளோடது குத்திக் குத்தி முனை ஒடிஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குன்னு ஔவை சொன்னது தன் அரசனுக்காகப் பேசினது. சொந்தப் பக்கத்துத் தப்பைச் சொன்னது இல்ல.

பொருத்தமானது புறநானூறு 47. உறையூருக்குள்ள வந்த இளந்தத்தன்ங்கிற புலவரை, எதிரி நாட்டு ஒற்றன்னு நினைச்சு நெடுங்கிள்ளி கொல்லப் போனான். கோவூர் கிழார் பாடித் தடுத்தார். புலவர் பிழைப்பு பிறருக்குத் தீங்கு செய்யற பிழைப்பா, பரிசில் வாங்கிச் சுற்றத்தைக் காப்பாத்தற பிழைப்புன்னு. போர்க்காலத்துல அரசனுக்கு முதல்ல வர சந்தேகம் 'ஒற்றன்'. அமெரிக்கா எல்ஸ்பர்க் மேலயும் மானிங் மேலயும் பாய்ச்சினது 1917-ல ஒற்றர்களுக்காகப் போட்ட சட்டம்தானே!

நம்ம மாவட்டத்துல வயலுக்கு வயல் நடுகல் இருக்கு. ஆநிரை மீட்டுச் செத்தவனுக்குக் கல், புலி குத்திச் செத்தவனுக்குக் கல். 'வேண்டாம், இது தப்பு'ன்னவனுக்கு நட்ட கல்லு ஒண்ணு இருந்தா சொல்லுங்க, வண்டி கட்டிக்கிட்டு வந்து பார்க்கறேன்.

பாலக்கோடு பிரிண்ட்:

பலகை வேலைக்கு வரேன், இதுல கோட்டை விட்டா மேல சொன்ன எதையும் யாரும் படிக்க மாட்டாங்க.

அளவு 2 அடிக்கு 3 அடி. ஃபிளெக்ஸ் வேண்டாம், டியூப்லைட் வெளிச்சம் பட்டு பாதி பலகை வெள்ளையா பளிச்சிடும். 5 மில்லிமீட்டர் சன்போர்டுல ஒட்டி மேட் லேமினேஷன் கேளுங்க. எழுத்து 36 பாயின்ட்டுக்குக் கீழே போகாதீங்க, ஒரு பலகைக்கு 70 சொல். ஏட்டுக்காரர் ஐயா எழுதினதை அப்படியே போட்டா நாலு பலகை ஆகும், சுருக்கணும்.

ஏழு பலகை 14 அடி, நடுவுல முக்கால் அடி இடைவெளி ஆறு, மொத்தம் 18 அரை அடி சுவர். ஒரு பலகை முன்னாடி மூணு பேர் நின்னு படிக்கலாம். அப்போ ஒரே நேரத்துல 21 பேர். 60 பேர் மூணு சுத்து. பலகைக்கு ஒரு நிமிஷம் வெச்சாலும் பேச்சுக்கு 40 நிமிஷம் முன்னாடியே ஹாலைத் திறந்துடுங்க. பலகையோட நடு, தரையிலிருந்து 5 அடி உயரத்துல வரணும். டிஸ்டெம்பர் சுவர்ல டபுள் சைடு டேப் போட்டா சாயங்காலத்துக்குள்ள சுவர்த்தூளோட உரிஞ்சு விழும். மேல கயிறு கட்டி பைண்டர் கிளிப்ல தொங்கவிடுங்க.

பெரிய தொல்லை எழுத்துரு. கடையில பழைய கோரல் டிரா இருந்தா யூனிகோடு தமிழ் ஒடையும், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு நிக்கும். வேர்டு ஃபைலாவோ வாட்ஸ்அப் மெசேஜாவோ கொடுக்கவே கொடுக்காதீங்க. நீங்களே வடிவமைச்சு பிடிஎஃப்பா, இல்ல 3600-க்கு 5400 பிக்சல் படமா கொடுங்க. ஏ4-ல ஒரு புரூஃப் எடுத்து, 'கொ', 'தோ', 'கௌ' வர இடங்களை மட்டும் விரல் வெச்சுப் பாருங்க. ஒடைஞ்சா அங்கதான் முதல்ல ஒடையும்.

நெட்ல எடுத்த 600 பிக்சல் படத்தை 2 அடிக்கு இழுத்தா கட்டம் கட்டமா தெரியும். அதை 6 அங்குலத்துக்கு மேல போடாதீங்க. ஹேபர்லியோட கலர்ப் படம் அவர் சொந்தக் கேமராவுல எடுத்தது, உரிமை அவருடையது. ராணுவக் கேமராவுல எடுத்த கறுப்பு வெள்ளை, அமெரிக்க அரசுப் பணியில எடுத்ததால அங்க காப்புரிமை இல்லை. அதையே எடுங்க. பிணம் தெரியற படம் எதுவா இருந்தாலும் மேல ஒரு அட்டை மூடி வெச்சு, 'விரும்பினால் தூக்கிப் பாருங்கள்'னு எழுதுங்க. படம் திரையிடறதா இருந்தா, ஓடிடி சந்தா கட்டினது ஹால்ல 60 பேருக்குப் போட அனுமதி ஆகாது.

தகடூர் வாசகன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஏழுக்கு இறக்கியாச்சு. ஔவை வெளியே, விகர்ணன் உள்ளே. இன்னும் ரெண்டு கேள்வி. ஈழம் இல்லாம நம்ம ஊர்ல போர்க்குற்றம் பேச முடியுமா, யாராவது கேப்பாங்க இல்ல? அப்புறம் நம்ம நாட்டுச் சட்டப் பலகையில என்ன போடறது? முன்னாள் ராணுவத்தினரையும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்லலாமா?

ஊத்தங்கரை ஏட்டுக்காரர்:

ஈழம் கண்டிப்பாக வரும். நம் இரண்டு மாவட்டங்களிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன, அங்கிருந்தே யாராவது வந்து உட்காரலாம். தனிப் பலகை வேண்டாம், அபு கிரைப் பலகையின் கீழே சேருங்கள். டார்பி கொடுத்த படங்களை எடுத்தது உளவாளி இல்லை, குற்றம் செய்தவர்களே நினைவுக்காக எடுத்துக்கொண்டவை. 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய, கைகள் கட்டப்பட்டவர்களைச் சுடும் காட்சியும் சிப்பாய் ஒருவரின் செல்போனில் எடுத்தது என்றுதான் வெளியானது. 2011 ஏப்ரலில் ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு, இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது. அதே அறிக்கை, புலிகள் பொதுமக்களைக் கேடயமாக வைத்திருந்ததையும் தப்பியோடியவர்களைச் சுட்டதையும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே படியுங்கள். ஒன்றை மறைத்தால், சொந்தப் பக்கத்துத் தப்பைப் பேசும் நிகழ்ச்சியில் அதைத்தான் மறைத்தீர்கள் என்று ஆகிவிடும்.

சட்டப் பலகைக்கு நான்கு விஷயம். அலுவல் ரகசியச் சட்டம் 1923, வெள்ளைக்காரன் போட்டது, இன்றும் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் பிரிவு 22, ரகசியச் சட்டத்தோடு மோதினால் தன் பக்கமே செல்லும் என்கிறது. பிரிவு 8(2), விலக்குப் பெற்ற தகவலாக இருந்தாலும் பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்கிறது. ஊழலை அம்பலப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் 2014-ல் நிறைவேறியது, நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. நான்காவது, 2019 ஏப்ரல் 10: ரஃபேல் வழக்கில், கசிந்த ஆவணம் என்பதற்காகப் பார்க்கக் கூடாது என்ற மத்திய அரசின் ஆட்சேபத்தை உச்ச நீதிமன்றம் தள்ளியது. அந்தத் தீர்ப்பில் எடுத்துக்காட்டிய வழக்குகளில் ஒன்று, எல்ஸ்பர்க் ஆவணங்களுக்காக 1971-ல் நடந்ததுதான். எல்ஸ்பர்க் பலகைக்கும் சட்டப் பலகைக்கும் நடுவில் ஒரு நூல் கட்டிக் காட்டுங்கள்.

முன்னாள் ராணுவத்தினரைப் பேசச் சொல்லலாம், ஆனால் 'உங்கள் சர்வீசில் இப்படி ஏதாவது நடந்ததா' என்று மட்டும் யாரும் மைக்கில் கேட்கக் கூடாது. ரகசியச் சட்டம் ஓய்வு பெற்ற பிறகும் அவர்களை விடாது. மேடையில் வைத்து மாட்டிவிடுவது அயோக்கியத்தனம். கேள்விகளைத் துண்டுச் சீட்டில் முன்கூட்டியே வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். பலகை வாசகங்களை இரண்டு நாள் முன்னதாக அவர்களில் ஒருவரிடம் கொடுத்துப் பதவிப் பெயர்களைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். தாம்சன் வாரண்ட் ஆபீசர், ரைடனவர் சாதாரணச் சிப்பாய், எல்லாரையும் 'ராணுவ அதிகாரி' என்று எழுதிவைத்தால் முதல் சண்டை அதில்தான் வரும்.

காவேரிப்பட்டணம் கேசட் கடை:

பட்டியல்ல 'லெப்டினன்ட் காலி'ன்னு போட்டிருக்கீங்களே, பலகையில அப்படியே ஏத்திடாதீங்க. 'காலி 22 பேரைக் கொன்றார்'னு இருந்தா தெருப் பொறுக்கின்னு படிப்பாங்க, 'காலி சிறையிலிருந்து வீட்டுக்கு'ன்னா ஜெயிலே காலியாயிடுச்சுன்னு படிப்பாங்க. 'கேலி'ன்னா இன்னும் மோசம். ஒவ்வொரு இடத்துலயும் முழுப் பேரா 'வில்லியம் கேல்லி'.

பாலக்கோடு பிரிண்ட்:

புரூஃப் பார்க்கும்போது அதையும் விரல் வெச்சுப் பாருங்க. 'ல்' விழுந்துடும்.